பணியிடம் இல்லாத ஆசிரியர்களும் நாமும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தற்காலிக ஆசிரியர்களே, பகுதிநேர ஆசிரியர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பின்வரிசையில் இருப்பவர்களைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர்களை யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே போய் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் உட்காருவேன். முன்னால் காலி நாற்காலி இருந்தாலும் கால் அந்தப் பக்கம் போகாது.

எனக்கு இன்று இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். ஆசிரியர் படிப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, பலர் தகுதித் தேர்விலும் தேறி, ஆனாலும் நிரந்தரப் பணியிடம் இல்லாமல் இருக்கிறார்களே, அவர்கள் எந்தெந்த வழியில் போகிறார்கள் என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் பள்ளிக்குள் இருக்கும் நாம் செய்யக்கூடியது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பணியிடம் உருவாக்குவதும் நியமிப்பதும் நம் கையில் இல்லை. அது அரசின் கொள்கை, நிதி, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் சேர்ந்த பெரிய விஷயம். நம் கையில் இருப்பதை மட்டும் பேசுகிறேன்.

'வேலை இல்லாத ஆசிரியர்' என்று சொல்கிறோம். என் அனுபவத்தில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் எங்கேயோ கற்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தனியார் பள்ளியில், வீட்டுத் திண்ணையில், டியூஷன் சென்டரில், கோயில் மண்டபத்தில், இப்போது கைப்பேசித் திரையில். கற்பிக்கிறார்கள். ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பத்தாண்டு கற்பித்தவரும் நேற்று படிப்பு முடித்தவரும் விண்ணப்பப் படிவத்தில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். இந்த ஒன்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் பட்டம் முடித்து, 2002-இல் பி.எட். முடித்தேன். அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. இரண்டாண்டு ஆனது 2015-க்குப் பிறகுதான். படிப்பு முடித்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிவு செய்தேன். அந்த அட்டையை என் அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும் என்பதால், எங்கள் வீட்டு நாட்காட்டியில் தீபாவளியைவிடப் பெரிதாக வட்டம் போட்டது அந்தத் தேதிக்குத்தான். 2012 டிசம்பரில் எனக்கு நியமன ஆணை கிடைத்தது. பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் நான் வகுப்பறைக்கு வெளியே இருந்தது என் மகன் பிறந்தபோது எட்டு மாதம் மட்டும்தான்.

முதலில் ஒரு தனியார் பள்ளி. மாதம் 1,500 ரூபாய். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பத்திரமா இருக்கும்மா, பீரோல வெச்சிருக்கோம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். பத்திரமாகத்தான் இருந்தது, சந்தேகமே இல்லை. நான் அங்கிருந்து வெளியே வரத்தான் ஏழு மாதம் ஆயிற்று. ஏப்ரல் கடைசியில் 'பணி முடிந்தது' என்பார்கள், ஜூனில் மறுபடி 'சேர்ந்துகொள்ளுங்கள்' என்பார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. இதனால் இன்னொரு நட்டமும் உண்டு. ஆண்டுதோறும் புதிதாகச் சேர்ந்ததாகக் கணக்கு வருவதால் ஐந்தாண்டு வேலை பார்த்தவருக்கும் தொடர்ச்சியான அனுபவம் என்று எழுதித் தர ஆளில்லை. எல்லாத் தனியார் பள்ளியும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காகச் சம்பளம் தந்து, பி.எஃப். பிடித்து, சான்று கேட்டால் மறுநாளே தருகிற நிர்வாகங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னோடு பி.எட். படித்தவர்கள் சேர்ந்து பேசினால், சான்றிதழை மீட்ட கதை ஆளுக்கொன்று இருக்கும்.

பிறகு ஊருக்கு வந்து, அரசுப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் மூன்று ஆண்டு. மாலையில் வீட்டில் டியூஷன். இதற்கு நடுவில் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. இளம் ஆசிரியர்களுக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், ஒன்று முதல் எட்டு வரை கற்பிப்பவர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயம் என்றது. நம் மாநிலத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி, ஏறத்தாழ 2,450 பேர்தான் தேறினார்கள். அக்டோபரில் துணைத் தேர்வு வைத்தபோது நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். அதில் தேறியவள் நான். பத்தாண்டாகப் பதிவு மூப்பு, பதிவு மூப்பு என்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரே நாளில் அட்டை பின்னால் போய் மதிப்பெண் முன்னால் வந்துவிட்டது.

அதற்கடுத்து 2013-இல் தேறியவர்கள் நிலை இன்னும் சிக்கல். 2014-இல் 'வெயிட்டேஜ்' முறை மாற்றி அமைக்கப்பட்டது. பட்டதாரி ஆசிரியர் என்றால் தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1990-களில் பிளஸ் டூ எழுதியவர்கள் வாங்கிய மதிப்பெண்ணையும் பிற்காலத்தில் எழுதியவர்கள் வாங்கியதையும் ஒரே தட்டில் வைத்தால் யார் மேலே வருவார்கள்? வயதில் மூத்தவர்கள் அப்படியே தங்கிப்போனார்கள். 2018-இல் அந்த முறை போய், தகுதித் தேர்வு வேறு, நியமனத்துக்கான போட்டித் தேர்வு வேறு என்று ஆனது. முதலில் தகுதித் தேர்வுச் சான்று ஏழாண்டுக்குத்தான் செல்லும் என்று இருந்ததை 2021-இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். அது பெரிய ஆறுதல். நியமனத் தேர்வுகள் 2024-இல்தான் நடந்தன. 2013-இல் தேறிய ஒருவர் 2024 வரை என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினோரு ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பத்தாம் வகுப்பு முடித்து வெளியே போயிருக்கும்.

அவர்கள் போன வழிகள் பல. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அது படிப்படியாக உயர்ந்து 2024-இல் 12,500 ஆனது. இங்கே பலர் அந்த ஆண்டிலிருந்து இருக்கிறீர்கள். அரைநாள் என்பது காகிதத்தில்தான் என்று நம் எல்லாருக்கும் தெரியும். குடியரசு தின அணிவகுப்பும் ஆண்டுவிழா மேடையும் அரைநாளில் முடிகிற வேலையா?

கொரோனா காலத்தில் தனியார் பள்ளிகள் மூடியபோது ஆசிரியர்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், காய்கறி விற்றார்கள். அதையெல்லாம் நாம் நேரில் பார்த்தோம். அதன்பின் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் தொடக்க விழா. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலும் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் ஆசிரியர் பட்டயமோ பி.எட்.டோ முடித்து வீட்டில் இருந்தவர்கள் என்பது அந்த மையங்களைப் பார்வையிட்ட நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். பிறகு 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்கள். இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று தொடங்கிப் பின்னர் உயர்த்தப்பட்டது. தகுதித் தேர்வு தேறியவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அங்கன்வாடியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடக்கும் 2,381 மையங்களுக்கும் சிறப்பாசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள்.

வேறு துறைக்குப் போனவர்களும் உண்டு. என் பி.எட். தோழி ஒருத்தி குரூப் 4 எழுதி வருவாய்த் துறைக்குப் போனாள். "நீ இன்னும் சாக்பீஸ் தூசில இருக்கியா?" என்று கேலி செய்வாள். ஆனால் ஊரில் எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றாலும் எனக்கு முதலில் போன் பண்ணுவது அவள்தான். சாதிச் சான்று வாங்க வரும் தகப்பனிடம், "பொண்ணு எத்தனாவது படிக்குது?" என்று கேட்காமல் அனுப்பமாட்டாள். வழி மாறிப் போனவர்களைத் தோற்றவர்களாகப் பார்க்கத் தேவையில்லை.

நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளப் போவது நம் பள்ளிக்குள்ளேயே இருக்கும் தற்காலிக ஆசிரியரைப் பற்றித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை. அதற்கு முன் தன் வீட்டுத் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகளை வைத்து இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தியவர். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு ஒற்றெழுத்து தடுக்கிறது, யார் கடன் வாங்கிக் கழிப்பதில் நிற்கிறான், யாருடைய அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்தப் பெண் சரியாகச் சாப்பிடாமல் வருகிறாள் என்று பிள்ளைக்கு ஒரு பக்கமாக நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்டு எழுதியதல்ல. மாறுதல் கலந்தாய்வு நடந்தது. ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நிரந்தர ஆசிரியர் ஆணையோடு வந்தார். வந்தவர் மீது எந்தக் குறையும் இல்லை, அவரும் எட்டு ஆண்டு வெளிமாவட்டத்தில் இருந்து குடும்பத்தைப் பிரிந்து வந்தவர். தலைமையாசிரியர் மீதும் குறையில்லை, ஆணை வந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான்கு மணிக்கு மணி அடித்தது. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பணி விடுவிப்பு என்று நமக்கு ஒரு நடைமுறை இருக்கிறதே, பொறுப்பு ஒப்படைப்பு, கையொப்பம், நகல், எதுவும் அவருக்கு இல்லை. நிரந்தர ஆசிரியர் மாறிப்போனால் பீரோ சாவியைக்கூட எழுதி வாங்குகிறோம்.

மறுவாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த நோட்டு தையல் மெஷின் மேல் இருந்தது. "எடுத்துட்டுப் போங்க டீச்சர், இங்க இருந்து என்ன ஆகப்போகுது" என்றார். கொண்டுபோய்ப் புதிதாக வந்தவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் கண்டுபிடிக்கத் தீபாவளி ஆகியிருக்குமே" என்றார். அடுத்த நாளே அந்த அம்மாவுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினார். இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. தற்காலிக ஆசிரியர் போகும்போது ஒரு நாள், முடியாவிட்டால் அரை நாள், வருகிறவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போக நாம் ஏற்பாடு செய்யலாம். ஒரு வகுப்பின் அரையாண்டு உழைப்பு கைப்பையில் ஏறி வீட்டுக்குப் போகாமல் இருக்கும்.

அடுத்து, சான்று. தலைமையாசிரியர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் போட்டு ஒருவரை எடுக்கிறோம். அவர் போகும்போது, பணியாற்றிய நாள் முதல் நாள் வரை, கற்பித்த வகுப்பு, பாடம், தீர்மான எண், பெற்ற தொகுப்பூதியம் இவற்றை எழுதிப் பள்ளி முத்திரையோடு ஒரு தாள் தந்துவிடுங்கள். "இதை வெச்சு நாளைக்கு நிரந்தரம் கேட்டு கோர்ட்டுக்குப் போயிடுவாங்களோ?" என்று ஒரு தயக்கம் நம்மிடம் உண்டு. வெளிப்படையாகவே பேசுவோம். பணியாற்றியது உண்மை. வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கிறது, ஊதியம் வங்கியில் போயிருக்கிறது. உண்மையை எழுதித் தருவதில் என்ன ஆபத்து? 'இது முற்றிலும் தற்காலிகப் பணி' என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் அவருக்கு அடுத்த பள்ளியில் 2,000 ரூபாய் கூடுதலாகப் பெற்றுத் தரலாம். ஒன்றும் தராமலும் போகலாம். ஆனால் பத்தாண்டை 'வீட்டில் இருந்தேன்' என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வராது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, தமிழ்வழிச் சான்று. தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010 சட்டப்படி உண்டு. பின்னர் வந்த திருத்தத்தால், பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதனால் நாற்பது வயதுக்காரர் ஒருவர், தான் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளி வாசலில் வந்து நிற்கிறார். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேட வேண்டும். பதிவேடு ஸ்டோர் ரூமில் பழைய பெஞ்சுக்கு அடியில் இருக்கும். நாம் மாதாந்திர அறிக்கை அவசரத்தில் இருப்போம். "அப்புறம் வாங்க" என்று சொல்வது எளிது. ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் பழைய பதிவேடுகளை ஆண்டு வாரியாக அடுக்கி, முதுகில் ஆண்டு எழுதி ஒட்டினோம். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. இப்போது பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அசல் சான்றிதழ் பற்றி நம் பள்ளிகளுக்குச் சொல்லத் தேவையில்லை, நாம் வாங்கி வைப்பதில்லை. ஆனாலும் தற்காலிகப் பணிக்கு வருபவரிடம் 'அசலைக் கொடுத்துட்டுப் போங்க, அப்புறம் பாக்குறேன்' என்று ஓரிரு இடங்களில் கேட்கும் பழக்கம் இருப்பதாகக் காதில் விழுகிறது. பார்த்துவிட்டு அங்கேயே கையில் கொடுத்துவிடலாமே.

கால அட்டவணையையும் சொல்லிவிடுகிறேன். தற்காலிக ஆசிரியர் என்றால் யார் விடுப்பு எடுத்தாலும் அந்த வகுப்புக்கு அனுப்புகிற ஆள் என்று ஆகிவிடுகிறது. எமிஸ் பதிவு, நலத்திட்டப் பட்டியல், கைப்பேசியில் போட்டோ ஏற்றுவது, எல்லாம் 'நீங்க சின்னப் பிள்ளைதானே, உங்களுக்கு கம்ப்யூட்டர் வரும்' என்று அவர் தலையில் விழும். அவருக்கு வயது நாற்பத்திரண்டு இருக்கும். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு சின்ன மாற்றம் செய்தோம். தகுதித் தேர்வுக்கோ நியமனத் தேர்வுக்கோ படிக்கிறவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை யாரும் கைவைக்காமல் விட்டுவிடுகிறோம். நூலக அறையில் உட்கார்ந்து படிக்கலாம். தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டதற்கு அவர் பெருந்தன்மைதான் காரணம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடக்கிறது, அதற்குப் போக வேண்டிய நாளில் அனுமதியும் தருகிறோம்.

இப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது, சொல்லட்டுமா? கடந்த 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. இந்த அவையில் அந்தத் தீர்ப்பால் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் கெட்டிருக்கிறது. எங்கள் பள்ளியில் கணிதத்துக்கு ஒரு தற்காலிக ஆசிரியர் இருக்கிறார். 2013-இல் தேறியவர். விடியற்காலையில் பால் சங்கத்தில் கணக்கு எழுதிவிட்டு, எட்டரைக்குப் பள்ளிக்கு வருகிறவர். மூத்த ஆசிரியர் ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுப் பணி முடித்தவர், மதிய இடைவேளையில் அவரிடம் குழந்தை மேம்பாட்டுப் பாடம் கேட்டுப் படிக்கிறார். முப்பது மதிப்பெண் பகுதி அது. முதல் நாள் மூத்தவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இவர் மேசைக்கு வந்தார். இவர் பதறி எழுந்துவிட்டார். "உக்காருங்க சார், இப்ப நீங்கதான் வாத்தியார்" என்றார் அவர். அன்று முதல் ஆசிரியர் அறையில் இவருடைய டீ டம்ளர் தனியாக இருப்பதில்லை. ஒரு தீர்ப்பு வந்துதான் அது நடக்க வேண்டுமா என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆனாலும் நடந்தது நல்லதுதான்.

காத்திருப்பவர்களிடம் நேரடியாக இரண்டு வார்த்தை பேசிவிடுகிறேன். உங்கள் பதிவைப் புதுப்பிக்கும் தேதியை மறக்காதீர்கள். இப்போது இணையத்திலேயே செய்யலாம். கூடுதல் தகுதி பெற்றால் உடனே சேர்த்துவிடுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் ஆண்டுத் திட்டம் வரும்போது வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பாமல் வாரியத்தின் இணையதளத்தைப் பாருங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கும் நேரடித் தேர்வு உண்டு, பட்டமும் பி.எட்.டும் இருந்தால் எழுதலாம். பலர் அதைத் தமக்கில்லை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எங்கே வேலை பார்த்தாலும் சம்பளம் வங்கிக் கணக்கில் வரும்படி கேளுங்கள். கையில் வாங்கிய பணத்துக்குச் சாட்சி இல்லை.

வயது வரம்பு 2020-இல் 40, 45 என்று வந்து எல்லாரையும் கலங்கடித்தது. பிறகு தளர்ந்து, 2023-இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று ஆனது. நல்ல செய்திதான். ஆனால் என் கருத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு வயது 60. 58 வரை விண்ணப்பிக்கலாம் என்பதற்காக 58 வரை காத்திருக்க வேண்டும் என்று இல்லை. காத்திருப்பதையே ஒரு வேலையாக்கிக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பு, சொந்த உடம்பு எல்லாவற்றையும் 'ஆர்டர் வரட்டும்' என்று தள்ளிப்போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடும் அப்படி இருந்தது. என் அப்பா எனக்கு ஆணை கிடைப்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால் போய்விட்டார். அவர் கண்புரை அறுவைச் சிகிச்சையை 'உனக்கு வேலை கிடைக்கட்டும்' என்று நான்கு ஆண்டு தள்ளினார். கடைசி வரை செய்துகொள்ளவில்லை. தேர்வு எழுதுங்கள், எழுதிக்கொண்டே இருங்கள். அதோடு இந்த ஆண்டு செய்ய வேண்டியதை இந்த ஆண்டே செய்யுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு இணையவழியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியைகள் இப்போது நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். நேர வித்தியாசத்தால் அதிகாலையில் வகுப்பு. அவர்களில் ஒருவர் சொன்னது: "டீச்சர், அந்தப் பிள்ளைங்களுக்கு ழகரம் சொல்லிக் குடுத்தப்புறம்தான், நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு நான் அதைச் சரியா சொல்லிக் குடுக்கவே இல்லைன்னு தெரிஞ்சுது." பிறகு அவர் தன் தெருப் பிள்ளைகளுக்கு அதையே செய்தார். நம் குறுவள மையப் பயிற்சிகளில் இப்படிப்பட்டவர்களை ஒரு மணி நேரம் பேச வைக்கலாம் என்று அலுவலர் அவர்களிடம் ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன். எண்ணும் எழுத்தும் பயிற்சிக்கு நிரந்தர ஆசிரியரை மட்டும் விடுவித்துவிட்டு, வகுப்பை உண்மையில் நடத்தும் தற்காலிக ஆசிரியரை விட்டுவிடுகிறோமே, அதையும் சேர்த்துப் பாருங்கள் ஐயா.

நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பணிச்சான்றுக்கு ஒரு மாதிரி தட்டச்சு செய்து முப்பது நகல் எடுத்து வந்திருக்கிறேன். தீர்மான எண், நாள், வகுப்பு, பாடம் என்று கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும். தலைமையாசிரியர்கள் தேநீர் இடைவேளையில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியிலிருந்து கடந்த மூன்று ஆண்டில் போனவர்கள் யார் யார் என்று பழைய வருகைப் பதிவைப் பார்த்து, அவர்களுக்கும் ஒரு போன் செய்து கொடுத்துவிடுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் தேநீருக்கு முன்னால் வாருங்கள், வடை தீர்ந்துவிடும்.